ஒன்றியம் செய்த சீர்

எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்காரர் "அண்டா ஓட்டை விழுந்திருச்சு" என்று சொன்னால், அண்டாவில் ஓட்டை விழுந்துவிட்டது என்று யாரும் நினைக்க மாட்டார்கள். தர மனமில்லை என்றுதான் அதற்குப் பொருள். கேட்டுப் போனவர் "அப்படியா, சரி" என்று திரும்பிவிட வேண்டும். இரண்டாவது தடவை கேட்பது மரியாதையில்லை.

எண்பதுகளின் பிற்பாதியில் ஓர் ஆவணி மாதம் இந்தப் பதில் என் மதினிக்குக் கிடைத்தது. எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. முறைக்கு எனக்கு மதினி. கணவர் இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. ஒரே மகள். பந்தல்குடிப் பக்கம் மாப்பிள்ளை அமைந்து, தை மாதம் எங்கள் ஊரிலேயே கல்யாணம் வைப்பது என்று பேசி முடித்திருந்தார்கள். இருநூறு பேருக்குச் சோறு ஆக்கும் அண்டா ஊரில் ஒரே வீட்டில்தான் இருந்தது. அதை மேலவீடு என்போம். கரிசலில் பாதி அவர்களுடையது. பங்குனியில் மேலவீட்டு மிளகாய்ப் பழம் எடுப்புக்கு மதினி மூன்று நாள் போகவில்லை, மகளுக்குக் காய்ச்சல். அந்த மூன்று நாளுக்கான பதில்தான் ஆவணியில் வந்த ஓட்டை.

"டவுனுல வாடகைக்கு எடுக்கலாமே" என்றேன்.

"எடுக்கலாந்தான். தை மாசம் டவுன்காரவுகளுக்கே பத்தாது. அப்படியே கிடைச்சாலும் பொறுப்புச் சொல்ல ஒரு பெரிய ஆளு வேணும்ங்காக. நமக்குப் பெரிய ஆளு யாரு? மேலவீடுதான்" என்றார் மதினி. சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை என்று அன்றைய நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

நான் அப்போது எங்கள் ஊர் பால்வாடியில் டீச்சர். மாதர் மன்றத்துக்குச் செயலாளரும் நானே. மன்றம் என்றால் பெரிதாக எதுவும் இல்லை: பதினெட்டுப் பெண்கள், ஒரு பதிவேடு, மாதத்தில் ஒரு நாள் பால்வாடிக் கட்டடத்தில் கூட்டம். இருபது வயதிலிருந்து நான் நாட்குறிப்பு எழுதுகிறேன். இரவு விளக்கு ஏற்றியதும் அன்று நடந்ததை நடந்த வரிசையில் எழுதிவிடுவேன். அதனால் இங்கே சொல்வதில் எதையும் நினைவை மட்டும் நம்பிச் சொல்லவில்லை.

மதினி வந்து போன பன்னிரண்டாம் நாள் ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. அரசுப் பரிசுச் சீட்டு விற்ற வருமானத்தில் ஒரு பகுதி ஊர் மன்றங்களுக்கு மானியமாகத் தரப்படும், மனுக்களை ஒன்றியக் குழு பார்த்து முடிவு செய்யும் என்று இருந்தது. இரண்டு பக்கம், சைக்ளோஸ்டைல் பிரதி. இரண்டையும் மூன்று தடவை படித்தேன். விளையாட்டுச் சாமான், இசைக் கருவி, நூலகத்துக்குப் புத்தகம் என்று வரிசையாகப் போய், கடைசியில் "மற்றும் பொதுப் பயனுக்குரிய நிலைத்த பொருள்கள்" என்று ஒரு வரி. அந்த வரியின் கீழ் பென்சிலால் கோடு போட்டேன்.

அந்த மாதக் கூட்டத்தில் விஷயத்தைச் சொன்னேன். மன்றத்துக்கென்று அண்டா, சருவம் வாங்கி வைத்தால் யார் வீட்டு விசேஷத்துக்கும் எடுத்துக்கொள்ளலாம் என்றேன். எல்லோர் முகமும் மலர்ந்தது. ஆனால் அந்த நிதி எங்கிருந்து வருகிறது என்பதை மறைக்க எனக்கு வராது. அதையும் சொன்னேன்.

"லாட்டரியா?" என்றார் ஒருவர். "சூதாட்டத்துல வந்த அண்டாவுல கல்யாணச் சோறா? வேணாம் டீச்சர்."

எல்லோரும் திரும்பி என் சித்தி முறை ஆகும் ஒருவரைப் பார்த்தார்கள். லாட்டரியைப் பற்றிப் பேச ஊரில் அவரைவிட உரிமை உள்ளவர் இல்லை. சித்தப்பா அருப்புக்கோட்டைக்குப் பருத்தி லோடு ஏற்றிப் போனால் பஸ் ஸ்டாண்டில் சீட்டு வாங்காமல் திரும்பியதில்லை. வீட்டுக் கூரைச் சட்டத்தில் பழைய சீட்டுகள் கட்டுக் கட்டாகச் செருகியிருக்கும்.

சித்தி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார். "எம் புருசன் இருபது வருசமா சீட்டு வாங்குறாரு. ஒரு தடவயாவது விழுந்திருக்கா?"

"இல்ல."

"அந்த ரூவாயெல்லாம் எங்கத்தா போச்சு? கெவர்மெண்டுக்குத்தான போச்சு? அது நம்ம வீட்டு ரூவாதானடி. இப்ப அண்டாவா திரும்பி வாரேங்குது. வான்னு சொல்லுவீகளா, அதப் போயி வேணாங்குறீக! எங்க வீட்டுக்கு இப்பத்தான் முதல் பரிசே விழுந்திருக்கு!"

பால்வாடிக் கட்டடம் அதிர்ந்தது. ஒருவர்கூட எதிர்க்காமல் தீர்மானம் நிறைவேறியது என்று பதிவேட்டில் எழுதினேன். பதினெட்டுக் கையெழுத்து, அதில் ஏழு கைநாட்டு.

மனுவை எடுத்துக்கொண்டு நானும் மதினியும் திருச்சுழியில் இருந்த ஒன்றிய அலுவலகத்துக்குப் போனோம். எழுத்தர் மனுவின் மேல்வரியை மட்டும் படித்துவிட்டுத் திருப்பி நீட்டினார்.

"அண்டாவுக்கெல்லாம் கிராண்டு கிடையாதும்மா. கேரம் போர்டு கேளுங்க, கோகோ கம்பம் கேளுங்க. தருவாக."

சுற்றறிக்கையை எடுத்து, கோடு போட்ட வரியைக் காட்டினேன். அவர் படித்தார். "நிலைத்த பொருள்னா பெஞ்சு, பீரோ" என்றார்.

"அண்டா நிலைக்காதா சார்? எங்க ஊரு மேலவீட்டு அண்டா மூணு தலைமுறையா நிலைச்சிருக்கு" என்றேன்.

அவர் மதினியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முத்திரையை எடுத்துக் குத்தி மனுவை வாங்கிக்கொண்டார். "கூட்டத்துல வைப்பேன். அங்க சிரிப்பாக. எங்கிட்ட வந்து கோவிச்சுக்கிடாதீங்க."

சிரிக்கத்தான் செய்தார்கள். ஐப்பசியில் ஒன்றியக் குழு கூடிய அன்று, மனுப் போட்ட மன்றங்களின் ஆட்கள் பின்னால் நிற்கலாம் என்று விட்டார்கள். எங்களைத் தவிர எல்லோரும் இளைஞர் மன்றத்து ஆண்கள். வாலிபால் வலை நிறைவேறியது. கேரம் போர்டு நிறைவேறியது. இரண்டு ஊருக்கு மேளம் நிறைவேறியது. ஒன்பதாவதாக எங்கள் மனு. எழுத்தர் படித்து முடிப்பதற்குள் ஒரு உறுப்பினர், "இன்னைக்கு அண்டா கேக்காக, நாளைக்கு அரிசி பருப்பு கேப்பாக, மறுநா நம்மளயே வந்து பந்தி பரிமாறச் சொல்லுவாக!" என்றார். மேசை தட்டிச் சிரித்தார்கள்.

ஒன்றியத் தலைவர் சிரிக்கவில்லை. வயதானவர், வெள்ளைத் துண்டு. பின்னால் நின்ற எங்களைப் பார்த்து, "இதுல பொதுப் பயன் என்னன்னு நீங்களே சொல்லுங்க தாயி" என்றார்.

நான் பேசுவதற்கு ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன், ஐந்து காரணங்கள். தாளைப் பிரிப்பதற்குள் மதினி பேசிவிட்டார். அவர் ஒரு அலுவலகத்தில் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

"ஐயா, ஒரு கேரம் போர்டுல எத்தன பேரு விளாடலாம்?"

"நாலு பேரு" என்றார் தலைவர்.

"எங்க அண்டாவுல இருநூறு பேரு சாப்பிடலாம் ஐயா."

இந்தத் தடவை சிரித்தவர்கள் வேறு விதமாகச் சிரித்தார்கள். பந்தி பரிமாறச் சொல்லுவார்கள் என்ற உறுப்பினரே, "கணக்கு சரியாத்தான இருக்கு, எழுதுங்கப்பா" என்றார். மானியம் நிறைவேறியது. நான் எழுதிய ஐந்து காரணங்கள் இன்னும் அந்த நாட்குறிப்பில் மடித்தபடியே இருக்கின்றன.

உத்தரவோடு நிபந்தனைகளும் வந்தன. ஒவ்வொரு பாத்திரத்திலும் "ஒன்றியப் பரிசுச் சீட்டு உதவி" என்று தெளிவாகப் பொறிக்கப்பட வேண்டும். அலுவலகத்திலிருந்து, மாதர் மன்றங்களைக் கவனிக்கும் அதிகாரியான முக்கிய சேவிகா வந்து பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே பாத்திரங்களைப் பயன்படுத்தலாம். காகிதங்கள் நகர்ந்து கைக்கு வரவே மார்கழி பிறந்துவிட்டது. கல்யாணத்துக்குப் பதினாறு நாள் இருக்கையில் நானும் மதினியும் அருப்புக்கோட்டைக்குப் பாத்திரம் வாங்கப் போனோம்.

சோற்றுக்கு இரண்டு அண்டா, குழம்புக்கு ஒன்று, சருவம் இரண்டு, இட்லிக் கொப்பரை ஒன்று, தண்ணீருக்கு ஒரு தவலை. ஏழு உருப்படி. கடை வாசலில் பேர் வெட்டுகிற பெரியவர் உட்கார்ந்திருந்தார். கனத்த கண்ணாடி, சின்ன உளி, சின்னச் சுத்தியல். முகூர்த்த நாள் நெருங்குவதால் அவரைச் சுற்றிச் சீர்ப் பாத்திரங்கள் மலைபோல் கிடந்தன. பொறிக்க வேண்டிய வரியைத் தெளிவான எழுத்தில் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அந்தக் கண்ணாடிக்கும் சீட்டில் இருந்த எழுத்து பிடிபடவில்லை போலிருக்கிறது. "வாசிங்க, வெட்டிருதேன்" என்று கடைக்காரரிடம் சீட்டை நீட்டினார். கடைக்கு அடுத்த கொட்டகையில் எட்டு விசைத்தறி ஒரே சமயத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். நான்கு மணி பஸ்ஸின் மேல்கூரையில் பாத்திரங்களை ஏற்றிக்கொள்ளக் கண்டக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டியிருந்தது. மதினி வெற்றிலை பாக்கு, மஞ்சள் வாங்கப் போனார்.

திரும்பியபோது ஏழும் சாக்குச் சுற்றி, கயிறு கட்டித் தயாராக இருந்தன. எண்ணிப் பார்த்தேன். ஏழு. அன்றைய நாட்குறிப்பின் கடைசி வரி: "எல்லாம் சரியாக இருந்தது." எண்ணிக்கையைத்தான் பார்த்தேன், எழுத்தைப் பார்க்கவில்லை. என் இத்தனை வருட நாட்குறிப்பில் நான் அறியாமல் எழுதிய பொய் அந்த ஒரு வரிதான்.

சாக்கைப் பிரிக்காமல் பால்வாடியில் பூட்டி வைத்தோம். அலுவலகத்தார் முன்னிலையில் பிரிப்பதுதான் முறை என்று நான்தான் பிடிவாதமாக இருந்தேன். சேவிகா அம்மா வரும் நாள் இரண்டு தடவை தள்ளிப் போயிற்று. வியாழக்கிழமை கல்யாணம். செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி பஸ்ஸில் அவர் வந்து இறங்கினார். பதினெட்டுப் பேரும் கூடியிருந்தோம். முதல் அண்டாவின் சாக்கைப் பிரித்தேன். சேவிகா விரல் வைத்து வாசித்தார்.

"ஒன்றியப்... பரிசச் சீர்... உதவி." நிமிர்ந்தார். "என்ன டீச்சர் இது? யாரு யாருக்குப் பரிசம் போட்டது?"

மற்றதையும் பிரித்தேன். இரண்டாவது சாக்கு, மூன்றாவது சாக்கு. ஏழிலும் அதேதான். தறிச் சத்தத்தில் கடைக்காரர் "பரிசுச் சீட்டு" என்று கத்தியிருக்கிறார். கல்யாணப் பாத்திரத்துக்கு நடுவில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்த பெரியவரின் காதில் அது "பரிசச் சீரு" என்று விழுந்திருக்கிறது. அழகான எழுத்து வேறு. புள்ளி புள்ளியாக, ஒரு பிசிறில்லாமல்.

"ஒன்றியம் பரிசம் போட்டிருந்தா அப்ப மாப்பிள்ளை யாரு, தலைவரா?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்க, கூட்டம் சிரித்தது. மதினி சிரிக்கவில்லை. அண்டாவின் விளிம்பைப் பிடித்தபடி நின்றார். பத்திரிகை கொடுத்தாயிற்று, பந்தல் கால் நட்டாயிற்று, சமையலுக்கு ஆள் சொல்லியாயிற்று. மேலவீட்டில் இரண்டாவது தடவை போய்க் கேட்கும் வழியும் இல்லை.

சித்திதான் முன்னே வந்தார். "மாப்பிள்ள பந்தக்குடியில பத்திரமா இருக்காரு. இது தாய்மாமன் சீருன்னு வச்சிக்கிருங்க அம்மா. பொண்ணோட ஆத்தாவுக்குத்தான் கூடப் பொறந்தவுக கிடையாதே. ஒன்றியம் தாய்மாமனா நின்னு செஞ்சிருக்கு. இதுல என்ன தப்பு?"

சேவிகாவின் முகம் இளகியது. ஆனால் அவர் பையிலிருந்து பேனாவை எடுக்கவில்லை. "நீங்க சொல்றது எனக்குப் புரியுது. தணிக்கைக்கு வாரவுகளுக்குப் புரியணுமே. 'பரிசுச் சீட்டு'ங்கிற எழுத்து அதுல இருக்கணும். இல்லாம நான் கையெழுத்துப் போட்டா எனக்குத்தான் ஓலை வரும். டவுனுக்குக் கொண்டுபோயி மாத்தி வெட்டி வாங்க, அடுத்த வாரம் வந்து பாக்கேன்."

"அடுத்த வாரம் எம்மக பந்தக்குடியில இருப்பா" என்றார் மதினி.

நான் உத்தரவின் நகலை எடுத்தேன். நிபந்தனை வரியைத் தேடிக் காட்டினேன். "அம்மா, தெளிவாகப் பொறிக்கப்பட வேண்டும்னுதான் இருக்கு. வேற எழுத்து இருக்கக் கூடாதுன்னு எங்கயும் இல்லை. இதுக்குக் கீழ சரியான வரியைப் பொறிச்சுட்டா?"

சேவிகா வாங்கிப் படித்தார். திருப்பி ஒரு தடவை படித்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எனக்கு அஞ்சு மணி பஸ்ஸு. அதுக்கு மேல இங்க பஸ்ஸு கிடையாது. ஏழு பாத்திரம். யாரு வெட்டுவா?"

பேர் வெட்டுகிறவர் எங்கள் ஊரில் யாரும் இல்லை. ஊருணிக் கரையில் கொல்லர் பட்டறை மட்டும் உண்டு. கொல்லர் கதிர் அரிவாளுக்குப் பல் வெட்டுவதில் பேர் போனவர். ஏழு பாத்திரங்களையும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு ஊர்வலமாக அவர் பட்டறைக்குப் போனோம். அவர் சேதியைக் கேட்டு உளியைத் துடைத்தார்.

"எனக்கு எழுத்து தெரியாது டீச்சர். நீங்க கோடு இழுத்துக் குடுங்க. கோடு எங்க போகுதோ அங்க உளி போகும்."

பால்வாடியில் பிள்ளைகளுக்கு 'அ' எழுதிக் காட்டும் சாக்குக்கட்டியை எடுத்து வரச் சொன்னேன். முதல் அண்டாவில், பழைய வரிக்கு இரண்டு விரல் கீழே, நேர்கோடு இழுத்து அதன்மேல் எழுதினேன். ஒவ்வோர் எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி எழுதினேன். கொல்லர் குனிந்தார். அண்டா உள்வாங்காமல் இருக்க, உள்ளே நனைத்த சாக்கை வைத்து இரண்டு பெண்கள் அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். டங், டங், டங். அரிவாளுக்கு வெட்டும் அதே பல். முதல் எழுத்து வந்ததும் எல்லோரும் குனிந்து பார்த்தோம். முரட்டு எழுத்து, ஆனால் 'ஒ' என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது.

"ஏத்தா, இத வச்சுக் கதிரே அறுக்கலாம் போலருக்கே" என்றார் சித்தி.

"அறுத்துப் பாருங்க, உங்க வெத்தலக் காம்ப" என்றார் கொல்லர், தலை நிமிராமல்.

பன்னிரண்டரைக்கு இரண்டு முடிந்தது. சேவிகாவுக்கு மதினி வீட்டிலிருந்து கம்பஞ்சோறும் மோர்மிளகாயும் வந்தன. அவர் பட்டறை நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டபடியே எழுத்துகளைச் சரிபார்த்தார். மூன்று மணிக்கு ஐந்து முடிந்தது. ஆறாவதாக வந்த சருவத்தில் நான் அவசரத்தில் ஒரு 'ச்' விட்டுவிட்டேன். உளி வைப்பதற்கு முன் மதினியின் மகள் கண்டுபிடித்தாள். எட்டாவது வரை படித்தவள். அழித்து எழுதினேன். நாலே முக்காலுக்கு ஏழாவதாக வந்த தவலையில் கடைசிப் புள்ளி விழுந்தது.

ஊருக்கு வெளியே பஸ்ஸின் ஹார்ன் கேட்டது. தெருவில் இருந்த ஆண்கள் நாலு பேர் ஓடிப் போய் நடுரோட்டில் நின்று மறித்தார்கள். டிரைவர் எட்டிப் பார்த்து, "என்னலே, யாருக்காச்சும் பிரசவமா?" என்றார். "அண்டாவுக்கு!" என்று பதில் போயிற்று. சேவிகா கவிழ்த்து வைத்த அண்டாவின் அடியை மேசையாக்கிக்கொண்டு, ஏழு உருப்படிக்கும் ஏழு இடத்தில் கையெழுத்துப் போட்டார். பேனா மூடியை மாட்டிக்கொண்டே மதினியிடம், "வியாழக்கிழமை நான் சாப்பிட வாரேன். தாய்மாமன் வீட்டு ஆளு ஒருத்தராவது வரணுமில்ல" என்றார். சொன்னபடி வந்தார்.

வியாழக்கிழமை விடியுமுன் மாடு கட்டுகிற கட்டுத்தாரியில் மூன்று அடுப்பு மூட்டினோம். சீமைக் கருவேல விறகு. முதல் அண்டாவில் அரிசி போட்டது சித்தி. அதற்கு அவருக்குப் பரிசு விழுந்த உரிமை உண்டு என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். நான்கு பந்தி. மேலவீட்டு அம்மாவும் மொய் எழுத வந்தார். சமையல் பக்கம் வந்து, அடுப்பில் இருந்த அண்டாவின் கழுத்தில் இரண்டு வரியையும் மெதுவாக வாசித்தார். ஒரு வரி பூப்போல, ஒரு வரி அரிவாள்போல.

"நல்ல கனமா எடுத்திருக்கீக" என்றார்.

"உங்களுக்கும் வேணும்னா சொல்லி விடுங்க அக்கா. டீச்சர்ட்ட நோட்டுல எழுதிட்டு எடுத்துக்கிடலாம்" என்றார் மதினி. குத்தல் இல்லாமல், வீட்டுக்காரியாகச் சொன்னார். அடுத்த சித்திரையில் மேலவீட்டிலிருந்து ஆள் வந்தது, பதிவேட்டில் பதினோராவது கையெழுத்து அவர்களுடையது. தொண்ணூறுகள் முழுக்க அந்தப் பாத்திரங்கள் பக்கத்து நான்கு ஊர்களுக்கும் போய் வந்தன.

அந்த நாளில் கடைசியாக நடந்த ஒன்றையும் எழுதிவிடுகிறேன். இரவல் அண்டா என்றால் பொழுது சாய்வதற்குள் கரி போகத் தேய்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தாக வேண்டும். அதனால் எங்கள் தெருவில் மகளை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் நேரத்தில் தாய்மார் பெரும்பாலும் ஊருணியில் சாம்பலும் கையுமாக இருப்பார்கள். பெண் அங்கே வந்து சொல்லிவிட்டுப் போகும். பெண்ணோடு கூடப் போவது அத்தை, சித்தியாகத்தான் இருக்கும்.

மாலை நாலரைக்கு மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து நின்றது. பெண்ணும் மாப்பிள்ளையும் ஏறினார்கள். "நீங்களும் வாங்கம்மா" என்று மகள் கையை நீட்டினாள். மதினி ஒரு காலைப் படியில் வைத்துவிட்டார். பிறகு பழக்கம் பிடித்து இழுத்ததுபோலத் திரும்பி, சோற்றுப் பருக்கையும் குழம்புக் கறையுமாகக் கட்டுத்தாரியில் சாய்ந்து கிடந்த ஏழு பாத்திரங்களையும் பார்த்தார்.

"பாத்திரம் கிடக்கே?" என்றார் என்னிடம்.

"நம்ம பாத்திரந்தான மதினி, கிடக்கட்டும்" என்றேன்.

அவர் ஏறி மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வேன் பந்தல்குடி ரோட்டில் திரும்பியது.